எஞ்சினை அணைத்தது நான்தான்

ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும், போன மாதம் சொந்த வண்டியோடு வந்து சேர்ந்த தங்கச்சிக்கும் முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் கள்ளக்குறிச்சி கார் ஸ்டாண்டில் என்னைப் பற்றி ஒரு கதை ஓடுகிறது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும்போது வண்டியில் கரண்ட் மொத்தமும் போய்விட்டதாம். ஸ்டியரிங் இறுகிவிட்டதாம், பிரேக் கல்லாகிவிட்டதாம். அப்படியும் ஒரு கீறல் இல்லாமல் நான் வண்டியை நிறுத்தினேனாம். சொல்கிறவர்கள் ஆளுக்கொரு வளைவைச் சேர்த்துச் சொல்கிறார்கள். போன வாரம் டீக்கடையில் கேட்டபோது கொண்டை ஊசி வளைவு ஏழாகியிருந்தது. உண்மையில் அது ஒன்றே ஒன்றுதான். கீறல் இல்லை என்பதும் பொய், இடது பக்கம் முழுவதும் பலாச்சுளை உரித்த மாதிரி உரிந்துபோயிருந்தது.

இத்தனை வருடம் நானும் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இப்போது கண் மங்கிவிட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார், லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. இனிமேல் அந்தப் பொய்யான பெருமையை வைத்துக்கொண்டு நான் எந்த ஊருக்குப் போகப் போகிறேன்? வண்டி தானாக அணையவில்லை. அணைத்தது நான்தான். அதற்குப் பிறகு கரண்ட் கைவிட்டது உண்மை. எதற்காக அணைத்தேன் என்று சொல்லாமல் வெறும் பாடத்தை மட்டும் சொன்னால் உங்களுக்கு அது மண்டையில் ஏறாது. அதனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஸ்டாண்டில் வாடகை வண்டி ஓட்டியது என் கடைசி சில வருடங்கள்தான். அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் மலை வண்டியை ஓட்டினேன். ஒவ்வொரு புதன்கிழமையும் காலையில் கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி மேலே ஏறுவோம். கரியாலூர், வெள்ளிமலை, அதற்கப்புறம் ரோடே இல்லாத சின்னச் சின்ன ஊர்கள். தடுப்பூசிப் பெட்டி, மருந்து அட்டைகள், எடை பார்க்கும் தராசு, ஒரு நர்ஸ், நான். பதினெட்டு வருடமும் அதே நர்ஸ்தான். சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை டிரைவரே என்பார். பெயரைச் சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள்.

வண்டி ஓட்டத் தெரியாத அந்த அம்மாவிடம்தான் வண்டி ஓட்டுவதில் பாதியைக் கற்றுக்கொண்டேன் என்றால் சிரிப்பீர்கள். ஒருமுறை, வலிப்பு வந்த குழந்தையை ஏற்றிக்கொண்டு இறங்குகிறோம். நான் பறக்கிறேன். பின்னால் பெட்டிகளுக்கு நடுவே குழந்தையை மடியில் வைத்திருந்த சிஸ்டர் என் காதருகே குனிந்தார். "டிரைவரே, நீங்க வேகமா போனா எனக்குக் கை ஆடுது. எனக்குக் கை ஆடுனா இந்தப் புள்ளைக்கு ஊசி போட முடியாது. மெதுவா போங்க, சீக்கிரம் போயிடலாம்." அந்தக் குழந்தை பிழைத்தது. எந்த நெருக்கடியிலும் முதலில் எது தேவையோ அதை மட்டும் பார்க்கிற புத்தி அவருக்கு இருந்தது. எனக்கு அது அப்போதும் கம்மி, இப்போதும் கம்மி.

முதல் பதினாறு வருடம் எங்களுக்கு ஒரு பழைய ஜீப். அதன் சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது காதில் விழாது. பின்னால் முழுக்கப் பெட்டிகள் என்பதால் சிஸ்டர் முன்சீட்டில்தான் உட்காருவார். காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்திலேயே இருப்போம், ஆனால் பேசுவதென்றால் கத்த வேண்டும். கத்திக்கொண்டு என்ன பேச முடியும்? ஊசி எத்தனை மீதி, டீசல் இருக்கிறதா, மழை வருமா. அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் மலை டிரைவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு, எஞ்சினையும் அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவார்கள். டீசல் மிச்சம் என்பது சாக்கு, வீம்புதான் முக்கியம். "நான் அணை வரைக்கும் உருட்டிக்கினு வந்தேன், நீ எதுவரைக்கும்?" என்று டீக்கடையில் பந்தயம் நடக்கும். அந்தப் பழைய ஜீப்புகளில் ஸ்டியரிங்குக்கு எஞ்சினின் தயவு தேவையில்லை, பிரேக்குக்கும் தேவையில்லை. எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே கனம், ஒரே மிதி. அதனால் பல பேர் பிழைத்தோம். அது எங்கள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டோம்.

நான் அதிகம் உருட்டாதவன்தான். ஒரு புதன்கிழமை கரியாலூருக்குக் கீழே, ஒரு நீளமான சரிவில், ஜீப் தானாகவே அணைந்துவிட்டது. வண்டி சத்தமில்லாமல் இறங்கியது. திடீரென்று மலை காதில் விழுந்தது. கடுக்காய் மரங்கள் பூத்திருந்த நேரம், தேனீக்கள் இரைகிற சத்தம், எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம். நான் மறுபடி ஸ்டார்ட் செய்யப் போனேன். சிஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாணாம் டிரைவரே. கொஞ்ச தூரம் இப்படியே போங்களேன். தலவலி போனா மாதிரி இருக்குது."

அதிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும், திரும்பி வரும்போது, அந்தச் சரிவில் மட்டும் எஞ்சினை அணைப்பேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது. அந்த ஐந்து நிமிடத்தில்தான் அவர் சாதாரணக் குரலில் பேசி நான் கேட்டேன். சங்கராபுரம் பக்கத்தில் அப்பாவின் சாகுபடி நிலம் கைவிட்டுப் போனது, தம்பிகளைப் படிக்க வைத்ததில் கல்யாண வயது தாண்டிப்போனது, எல்லாம் அந்தச் சரிவில்தான் தெரிந்துகொண்டேன். என் மனைவி, மகளுக்கு ஆறு வயதாகும்போது காய்ச்சலில் போய்விட்டதை நானும் அங்கேதான் சொன்னேன். சில புதன்கிழமைகளில் இரண்டு பேரும் ஒன்றுமே பேச மாட்டோம். அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மலை ரோட்டில் வண்டி நின்றால் ஊருக்கே தெரியும். பெண்டாட்டி இல்லாத டிரைவர், கல்யாணம் ஆகாத நர்ஸ், வண்டி ஓரமாக நிற்கிறது என்றால் சாயங்காலத்துக்குள் அது வடக்கனந்தல் வரை போய்ச் சேர்ந்துவிடும். உருண்டுகொண்டிருக்கிற வண்டியைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. நிறுத்துவதற்கு எனக்குத் தைரியம் இல்லை, அதனால் உருட்டினேன்.

பிறகு ஜீப்பை ஏலம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் புது வண்டி வாங்கினார்கள். ஏசி, டிவி மாதிரி ஒரு திரை, தானாகத் துடைக்கிற வைப்பர், தானாக எரிகிற விளக்கு. சாவி என்று கையில் கொடுத்தது சாவியே இல்லை, சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற ஒரு கறுப்பு வில்லை. பட்டனை அழுத்தினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். நான் புது மாப்பிள்ளை போலத் திரிந்தேன். மூன்றாவது வாரமே வெள்ளிமலைச் சந்தையில் மூக்கு உடைந்தது.

பின்னால் எடுக்கிறேன். திரையில் வெறும் தரைதான் தெரிகிறது. தைரியமாக வந்தேன். மெத்தென்று ஒரு இடி. இறங்கிப் பார்த்தால் சாமை மூட்டைகள், மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மனிதர் இரண்டடி தள்ளி நின்று மூச்சு வாங்குகிறார். கேமராப் படம் முன்னமே உறைந்து போயிருக்கிறது. காலி இடத்தைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது, நான் அதை நம்பி வந்திருக்கிறேன். அந்த மனிதர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, உள்ள டிவி வச்சிக்கினு இருக்கிற, கழுத்து திரும்பாதா உனுக்கு?" என்றார். சிஸ்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேமரா இருட்டாகப் போனால் பயமில்லை, போனது தெரியும். சரியாக இருப்பது போலக் காட்டிக்கொண்டு கெட்டுப்போவதுதான் ஆபத்து. அன்றைக்குப் பிறகு நான் கழுத்தைத் திருப்பாமல் பின்னால் எடுத்ததில்லை, நீங்களும் எடுக்காதீர்கள்.

அந்த வண்டியால் எனக்கு இன்னொரு நஷ்டமும் வந்தது. அது சத்தமே போடாது. சத்தம் போடாத வண்டியை எதற்கு அணைப்பது? கண்ணாடிகளை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு போவோம். சிஸ்டரைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லி ஆபீஸில் உத்தரவு, அதுதான் அவருக்கு மரியாதையாம். ஊமைப்படம் பார்க்கிற மாதிரி முன் கண்ணாடியில் மலை வந்து போகும். பத்து மாதம் அப்படி ஓட்டினேன். நல்ல வண்டி, நல்ல சம்பளம், உடம்பு வலி இல்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தச் சரிவு வரும்போது மட்டும் என் விரல் தானாகப் பட்டன் பக்கம் போய்த் திரும்பும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். பலாப்பழக் காலம். மேலே முகாம் முடிந்து, மிச்சமான மருந்துப் பெட்டிகளைப் பின்சீட்டில் அடுக்கியதில் அங்கே உட்கார இடமில்லை. சிஸ்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். பத்து மாதத்துக்குப் பிறகு. எனக்கு இருபது வயது குறைந்துபோன மாதிரி இருந்தது.

பத்து நாளாகவே டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு சாவிப் படம் மின்னிக்கொண்டிருந்தது. கறுப்பு வில்லைக்குள் இருக்கும் பேட்டரி தீரப் போகிறது என்று அர்த்தம். காலையில் சில நேரம் பட்டனை அழுத்தினால் வண்டி பிடிக்காது. வில்லையைப் பட்டனோடு ஒட்டி வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். வித்தை தெரிந்துவிட்டதால் அலட்சியம். மின்னுவது கண்ணை உறுத்துகிறது என்று கோயில் விபூதிப் பொட்டலம் ஒன்றை அதன்மேல் செருகி மறைத்து வைத்திருந்தேன். வண்டி என்னிடம் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் திருநீறு போட்டு மூடினேன். நீங்கள் யாராவது ஸ்டிக்கர் ஒட்டி விளக்கை மறைத்திருந்தால் இன்றைக்கே பிய்த்துவிடுங்கள்.

சரிவு வந்தது. நான் நான்கு கண்ணாடிகளையும் இறக்கினேன். சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஞாபகம் இருக்குதுங்களா சிஸ்டர்?" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு போதும். நியூட்ரலில் போட்டேன். ஓடுகிற வண்டியில் பட்டனைத் தட்டினால் எஞ்சின் அணையாது, அழுத்திப் பிடித்தால்தான் அணையும். வண்டி செய்தவன் எனக்கு யோசிக்க மூன்று விநாடி கொடுத்திருந்தான். நான் அழுத்திப் பிடித்தேன்.

சத்தம் நின்றது. காற்றும் தேனீக்களும் உள்ளே வந்தன. சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு சீட்டில் சாய்ந்தார். பாதிச் சரிவு வரை எல்லாம் பழையபடி இருந்தது. அப்புறம் லேசான ஒரு வளைவுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பினேன். திரும்பவில்லை. அம்மிக்கல்லைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி கனத்தது. பிரேக்கைத் தொட்டேன், பிடித்தது. இன்னொரு முறை தொட்டேன், பாதி பிடித்தது. மூன்றாவது முறை பெடல் கல்லாக நின்றது. ஜீப் மாதிரி இல்லை, இந்த வண்டியில் இரண்டுக்கும் எஞ்சினின் தயவு வேண்டும்.

சரி, ஸ்டார்ட் செய்துவிடலாம் என்று பட்டனை அழுத்தினேன். சாவி இல்லை என்று திரையில் எழுத்து வந்தது. சாவி என் நெஞ்சுக்கு மேல் சட்டைப்பையில் இருக்கிறது, அது இல்லை என்கிறது. மறுபடி அழுத்தினேன். மறுபடி இல்லை என்றது. ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து வில்லையை வெளியே இழுத்தேன், அது விரலில் வழுக்கிக் காலடியில் விழுந்தது. குனியப் போனேன். அந்தச் சமயத்தில் வண்டி தன்பாட்டுக்கு வேகமெடுத்துக்கொண்டிருந்தது. தம்பிகளா, நான் செய்த தப்புகளில் பெரியது அணைத்தது அல்ல, அந்தப் பட்டனோடு மல்லுக்கட்டிய நேரம்தான். கரண்ட் போனால் கரண்டைத் தேடாதீர்கள். முதலில் வண்டியை நிறுத்துங்கள், அப்புறம் எது கெட்டது என்று ஆற அமரப் பார்க்கலாம்.

"இன்னா ஆச்சு டிரைவரே?" சிஸ்டர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"வண்டி புடிக்கலீங்க."

"பிரேக்கு?"

"கம்மியா இருக்குது."

அவர் கத்தவில்லை. "நான் இன்னா செய்யணும் சொல்லுங்க" என்றார். வலிப்பு வந்த குழந்தையை வைத்துக்கொண்டு அன்று பேசிய அதே குரல். அந்தக் குரலைக் கேட்டதும்தான் என் கைக்குப் புத்தி வந்தது. வில்லை காலடியிலேயே கிடக்கட்டும் என்று விட்டேன்.

கீழே கொண்டை ஊசி வளைவு. வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் மலை. மலையோரம் மழைத்தண்ணீர் ஓடுகிற ஆழமில்லாத வாய்க்கால். இடது சக்கரங்களை அந்த வாய்க்காலில் இறக்கி, மண் கரையில் வண்டியை உரசி நிறுத்துவது ஒன்றுதான் வழி. அந்த வாய்க்கால் ஓரத்தில்தான் ஆறேழு பெண்கள் பலாப்பழங்களை அடுக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்து உட்கார்ந்திருந்தார்கள். முதுகை எங்கள் பக்கம் காட்டிக்கொண்டு. எஞ்சின் சத்தமில்லாத வண்டி வருவது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மலைப்பக்கம் போனால் அவர்கள், பள்ளத்துப் பக்கம் போனால் நாங்கள்.

ஹாரனை அழுத்தினேன். நல்லவேளை, அது அடித்தது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், வழக்கமான ஹாரன்தான் என்று மறுபடி திரும்பிக்கொண்டார்கள்.

"கொரல் குடுங்க சிஸ்டர்! அவுங்கள எழுப்புங்க!"

சிஸ்டர் இறக்கியிருந்த ஜன்னல் வழியாகத் தலையையும் தோளையும் வெளியே நீட்டினார். பதினேழு வருடத்தில் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "ஏய், எழுந்திரிங்கடி! பலாவ வுடுங்க! மேல ஏறுங்க, மேல ஏறுங்க!"

யார், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் குரல் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்ட குரல். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள் உட்பட எல்லோரும் மண் கரையைப் பற்றிக்கொண்டு ஆடுகள் மாதிரி மேலே ஏறிவிட்டார்கள்.

அதற்குள் நான் செய்ததைச் சொல்கிறேன், இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கிளட்சை மிதித்து மூன்றாம் கியரில் போட்டு மெதுவாக விட்டேன். எஞ்சின் அணைந்திருந்தாலும் கியர் வண்டியைப் பிடித்து இழுக்கும். வண்டி ஒரு முனகலோடு தயங்கியது. அப்புறம் இரண்டு. பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், இரண்டு காலையும் ஒன்றாக வைத்து ஒரே மிதியாக அமுக்கினேன். கல்லாக இருந்தாலும் கொஞ்சம் பிடிக்கும், அந்தக் கொஞ்சம் போதும். ஹேண்ட் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், அதன் நுனிப் பட்டனை அமுக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். வெடுக்கென்று இழுத்திருந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றிருக்கும். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவில்லை, கனத்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு கையாலும் உயிரைக் கொடுத்து இழுத்தால் திரும்பும். திரும்பியது. "தலைய உள்ள இழுங்க!" என்று கத்தினேன், அவர் உள்ளே இழுத்ததும் இடது சக்கரங்கள் வாய்க்காலில் இறங்கின. மண் கரையில் வண்டி இரண்டு பஸ் நீளத்துக்கு உரசிக்கொண்டே போய், பலாப்பழங்கள்மேல் ஏறி நின்றது.

நின்ற பிறகு வண்டிக்குள் பலாப்பழ வாசனை. என் கால்கள் பெடலை விட்டு வரவில்லை. சிஸ்டர் முதலில் ஜன்னல் வழியாகப் பெண்களை எண்ணினார். ஏழு பேரும் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும்தான் என் பக்கம் திரும்பினார். அவர் கை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கைமேல் வந்து நின்றது. பதினேழு வருடத்தில் முதல் தடவை. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அப்புறம் எடுத்துக்கொண்டு, கீழே இறங்கி, அழுகிற குழந்தையைப் பார்க்கப் போய்விட்டார்.

குழந்தையை வைத்திருந்தவள் என்னை முறைத்தாள். "இன்னா டிரைவரே, பாம்பு மாதிரி சத்தமில்லாம வர்ற?" என்றாள்.

மறுநாள் ஆபீஸிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். நான் உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்து வாயைத் திறந்தேன். அதற்குள் சிஸ்டர், "வண்டி தானா நின்னு போச்சுங்க சார். இவரு இல்லன்னா நாங்க யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டார். ஒர்க்‌ஷாப்காரர்களும் வில்லையில் பேட்டரி தீர்ந்திருந்ததைக் கண்டுபிடித்து அதையே எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டாண்டில் ஓடுகிற கதை அன்றைக்குத்தான் பிறந்தது.

வெளியே வந்ததும், "ஏன் சிஸ்டர் பொய் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"மொத மொதல்ல அப்படியே போங்கன்னு சொன்னது நானு. பாதி தப்பு என்னுது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா இனிமே வாணாம் டிரைவரே. அந்தக் குழந்தைக்கு எதுனா ஆயிருந்தா நம்ம ரெண்டு பேரும் மூஞ்சியைப் பாத்துக்க முடியுமா?" என்றார்.

நான் பிறகு ஒருநாளும் உருட்டவில்லை. பேட்டரியை மாற்றினேன், விபூதிப் பொட்டலத்தை எடுத்தேன். சிஸ்டர் மறுபடியும் பின்சீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வருடம் கழித்து அவருக்கு ஓய்வு வந்தது. கடலூர் பக்கத்தில் இருக்கும் தம்பி, வீட்டோடு வந்து இருந்துவிடும்படி கூப்பிட்டிருந்தான். கடைசிப் புதன்கிழமை மலை ஜனங்கள் தேன், தினை, ஒரு பெரிய கோழி என்று கொடுத்து அழுது அனுப்பினார்கள். கோழியும் மூட்டைகளும் பின்சீட்டை அடைத்துக்கொண்டதால் அவர் முன்னால் உட்கார்ந்தார்.

சரிவு வந்தது. நான் இண்டிகேட்டர் போட்டு, மலையோரமாக ஒதுக்கி, வண்டியை நிறுத்தினேன். முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, எஞ்சினை அணைத்தேன். இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். இரண்டு பஸ் எங்களைக் கடந்து போனது. பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன். அரை மணி நேரம் இருந்திருப்போம். ஒன்றும் ஆகவில்லை. பதினெட்டு வருடம் நான் எதற்குப் பயந்தேனோ, அது அவ்வளவுதான்.

அவர்தான் பேசினார். "நீங்க கேப்பீங்க, கேப்பீங்கன்னு ரொம்ப வருஷமா பாத்துக்கினே இருந்தேன் டிரைவரே."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"இப்ப கேக்காதீங்க. தம்பி வூட்டுக்கு வர்றேன்னு சொல்லிட்டேன்."

"சரிங்க சிஸ்டர்" என்றேன்.

கல்லை எடுத்தேன். இரண்டாம் கியரிலேயே இறக்கி, கோமுகி அணையைத் தாண்டி, அவரை அவர் வாடகை வீட்டு வாசலில் விட்டேன். கோழியைக்கூட நான்தான் உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வேலையை விட்டு ஸ்டாண்டுக்கு வந்து, ஆறு வருடம் அதே ரோட்டில் ஓட்டினேன். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு எத்தனையோ தடவை அந்தச் சரிவில் இறங்கியிருக்கிறேன். இப்போது வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், வெயில் நாளில் மேற்கே மலை ஒரு நீலக் கோடாகத் தெரியும். கண் மங்கியதால் சில நாள் அதுவும் தெரிவதில்லை. ரோட்டை நினைக்கிறேனா அவரை நினைக்கிறேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வண்டியைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் என்னிடம் வந்து கேளுங்கள். ஸ்டியரிங் கனத்தால், பிரேக் இறுகினால், பட்டன் கைவிட்டால் என்ன செய்வதென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி மட்டும் என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்காதீங்க என்றார், நான் சரிங்க என்றேன். அவர் சொன்ன பிறகும் நான் கேட்டிருக்க வேண்டும்.